ஊசி பிடிக்கும் கை, ஊசி ஏறாத தோள்: நர்சிங் மாணவியரும் தடுப்பூசியும் பற்றிச் சில குறிப்புகள்

'தடுப்பூசி ஏற்பு' என்றொரு சொற்சேர்க்கை இன்று மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி தென்படுகிறது. 'ஏற்பு' என்றதும் எதிரே ஒருவர் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருப்பது போலவும், எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருப்பது போலவும் ஒரு சித்திரம் எழுகிறது. நீட்டுவதற்கு ஆள் இருக்கிறதா, நீட்டியது எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எதிரே நிற்பவருக்கு உண்டா என்ற கேள்விகளை அந்தச் சொல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. நர்சிங் மாணவியர் விஷயத்தில் இந்த விழுங்கல் இன்னும் மோசம். (ஆண்களும் நர்சிங் படிக்கிறார்கள். என்றாலும் பெரும்பான்மை பெண்களே என்பதாலும், நான் சொல்ல வருகிற பல விஷயங்கள் அவர்கள் பெண்களாக இருப்பதோடு தொடர்புடையவை என்பதாலும் 'மாணவியர்' என்றே எழுதுகிறேன்.)

நம்மூர் நர்சிங் கல்லூரிகளில் முதுகலைப் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகளில் இது ஒரு நிரந்தரத் தலைப்பு. ஒரு வினாநிரல் தயாராகும். ஹெபடைட்டிஸ்-பி எப்படிப் பரவும், எத்தனை தவணை, போட்டுக்கொண்டாயா, இல்லையென்றால் ஏன்? அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்று மூன்று பெட்டிகள். பிறகு ஒரு மணிநேர வகுப்பு. மறுபடி அதே வினாநிரல். மதிப்பெண் கூடியிருக்கும். 'விழிப்புணர்வு தேவை' என்று ஆய்வேடு முடியும். அந்த வகுப்புக்குப் பிறகு எத்தனை தோள்களில் ஊசி ஏறியது என்பது பெரும்பாலும் ஆய்வின் எல்லைக்குள் வராது.

நான் சில ஆண்டுகள் பி.எஸ்ஸி. நர்சிங் மாணவியருக்குச் சமூகவியல் எடுத்தவன். அப்படியொரு பாடம் அவர்களுக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மாணவியரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். அங்கே பார்த்ததையும் பிறகு படித்ததையும் வைத்து எனக்குத் தோன்றுவது இதுதான்: தடுப்பூசி ஒரு மாணவியின் உடலுக்குள் போவதையும் போகாததையும் முதன்மையாகத் தீர்மானிப்பது அவள் மண்டைக்குள் இருக்கும் தகவல் அல்ல. மருத்துவமனை என்னும் அமைப்பில் அவள் நிற்கிற இடம். அவள் உழைக்கிறாள், ஆனால் உழைப்பாளி என்ற பெயர் அவளுக்கு இல்லை. இந்தப் பெயரின்மைதான் சில நேரம் தடுப்பூசியை அவளிடம் வரவிடாமல் செய்கிறது. சில நேரம் கட்டளையாகக் கொண்டுவந்து இறக்குகிறது.

ஹெபடைட்டிஸ்-பியை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தின் வழியாகவும் பிற உடல் திரவங்களின் வழியாகவும் பரவும் வைரஸ். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு ஹெச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 0.3 சதம், ஹெபடைட்டிஸ்-பிக்கு, தடுப்பாற்றல் இல்லாதவருக்கு, 6 முதல் 30 சதம் வரை. ஹெச்.ஐ.வி. என்றால் வார்டே நடுங்குகிறது, இதற்கு யாரும் அசைவதில்லை. வளர்ந்தவர்களைத் தொற்றினால் பெரும்பாலானோர் உடம்பிலிருந்து அது தானாக அகன்றுவிடும். நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நிரந்தரமாகத் தங்கும். தங்கிவிட்டால் பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய் என்று வந்து நிற்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கையின்படி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமந்திருந்தார்கள். இவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது. வார்டில் படுத்திருப்பவர் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

தடுப்பூசி உண்டு, மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. முதல் தவணையோடு நிறுத்தினால் பாதிப் பேருக்குக்கூடப் பாதுகாப்பு உறுதியில்லை. மூன்றும் முடித்தால் ஆரோக்கியமான இளையவர்களில் 90 சதத்துக்கு மேற்பட்டோருக்கு உண்டு. மீதிப் பேர் யார் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து அதைச் செய்துபார்க்க வேண்டும்.

'இதெல்லாம் குழந்தையிலேயே போட்டிருப்பார்களே' என்று ஒரு தோழர் கேட்டார். இந்தியாவில் இது குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் 2002இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2007-08இல் சில மாநிலங்களுக்கு விரிந்து, 2011-12இல்தான் நாடு முழுக்க வந்தது. இன்று பதினெட்டு, இருபது வயதில் சீருடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைபவர்களில் பலர் இந்த வலை விரிக்கப்படுவதற்கு முன் பிறந்தவர்கள்.

இனி அந்த வினாநிரலின் பூர்வீகத்தைப் பார்க்கலாம். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது. எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்கள் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் உருவாக்கியதுதான் 'சுகாதார நம்பிக்கை மாதிரி'. எனக்கு இந்த நோய் வரக்கூடும் என்று நினைக்கிறேனா, வந்தால் மோசம் என்று நினைக்கிறேனா, செய்வதால் நன்மை என்ன, தடை என்ன. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் மனிதர் முடிவெடுக்கிறார் என்பது இதன் அடிப்படை. முட்டாள்தனமான மாதிரி அல்ல. ஆனால் எங்கே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, காசும் கேட்கவில்லை. அந்த நிலையில் மீதமிருந்த கேள்வி 'ஆள் ஏன் ஏறவில்லை' என்பதுதான். வண்டியே வராத தெருவில் நின்றுகொண்டு 'ஏன் ஏறவில்லை' என்று கேட்டால் என்ன ஆகும்? வண்டியின் இன்மை மனதின் குறைபாடாக மாறும். அதிகாரம் தன் பொறுப்பை எதிராளியின் உளவியலாக மொழிபெயர்த்துக்கொள்ளும் இடம் இது.

1991இல் அமெரிக்காவில் ரத்தவழித் தொற்றுகளுக்கான பணியிடப் பாதுகாப்பு விதி வந்தது. ரத்தத்தோடு புழங்கும் தொழிலாளிக்கு வேலை கொடுப்பவர் இந்தத் தடுப்பூசியைத் தன் செலவில், வேலை நேரத்தில் அளிக்க வேண்டும். வேண்டாமென்றால் தொழிலாளி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு மனம் மாறினால் அப்போதும் இலவசமாகப் போட்டாக வேண்டும். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளால் ஆகாதது இந்த விதிக்குப் பிறகு கணிசமாக நடந்தது. ஆனால் அந்த விதி 'ஊழியர்' என்ற சொல்லின் மேல் கட்டப்பட்டது. சம்பளம் வாங்காத மாணவி அதற்குள் வரமாட்டாள். அதே வார்டு, அதே ரத்தம், அதே ஊசி. மஸ்டர் ரோலில் பெயர் மட்டும் இல்லை.

இங்கும் எழுத்தில் ஒன்றும் குறைவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்ட ஆவணங்களில் மாணவர் நலம் என்ற தலைப்பின் கீழ் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி பற்றிய வரி உண்டு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடுவது ஓர் அங்கம். மருந்தின் விலையையும் பெரிய காரணமாகச் சொல்ல முடியாது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகு விலை சரிந்தது. பிறகு எங்கே சிக்குகிறது? மாணவி ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள், போஸ்டிங் போவது வேறொரு மருத்துவமனைக்கு. கல்லூரி, மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்கிறது. மருத்துவமனைக்கு அவள் யாரோ. மூன்று தவணையின் கால அட்டவணையும் போஸ்டிங் அட்டவணையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. முதல் தவணை சேர்க்கையின்போது ஒரு முகாமாக நடக்கும், போட்டோவும் எடுப்பார்கள். இரண்டாவது ஒருவாறு நடந்துவிடும். ஆறாம் மாதம் பரீட்சை, அல்லது விடுமுறை, அல்லது கிராமப்புறப் போஸ்டிங். மூன்றாவது தவணை அங்கேயே விழுந்து தொலைந்துபோகும். ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச்சே இல்லை. வினாநிரலில் இது 'பகுதி ஏற்பு' என்று பதிவாகும். காரணம் என்ற கட்டத்தில் 'மறதி' என்று டிக் அடித்திருப்பாள். மறந்தது யார்?

ஊசி குத்துவது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஊசி போட்டு முடித்த பிறகு. முனையை மறுபடி மூடியால் மூடும்போது, நிரம்பி வழியும் டப்பாவுக்குள் திணிக்கும்போது, நோயாளி வெடுக்கென்று கையை இழுக்கும்போது. முனையை மூடாதே என்று முதலாண்டிலேயே சொல்லித்தருகிறார்கள். ஆனால் படுக்கையருகே டப்பா இல்லாவிட்டால், வார்டைக் கடந்து அந்தத் திறந்த ஊசியோடு அவள் எப்படி நடப்பாள்? மூடுகிறாள், குத்துகிறது.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். விதிப்படி உடனே கழுவி, தெரிவித்து, நோயாளியின் ரத்தத்தைச் சோதித்து, தடுப்பூசி போடாதவள் என்றால் முடிந்தவரை 24 மணிநேரத்துக்குள் தடுப்பூசியும் தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். என் வகுப்பில் இருந்த ஒரு மூன்றாமாண்டு மாணவி சொன்னது இது: "ஸ்டாஃப் சிஸ்டர்கிட்ட சொன்னா டியூட்டர் மேடத்துக்குப் போகும் சார். மேடத்துக்குப் போனா வீட்டுக்குப் போன் போகும். கவனமில்லாம வேலை செஞ்சேன்னு இன்டர்னல் மார்க்ல கைவைப்பாங்க. எதுக்கு வம்புன்னு டெட்டால் போட்டுக் கழுவிட்டு விட்டுட்டேன்." எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அவளுக்கு அறிவு குறைவில்லை. வைரஸின் பெயர், தவணை, சதவீதம் எல்லாம் ஒப்பித்தாள். ஃபூக்கோ சிறைச்சாலை பற்றிய நூலில் (1975) பேசிய பணிவுள்ள உடல் இதுதான். சீருடை, கொண்டை, லாக் புக், நிற்கும் விதம் வரை பயிற்றுவிக்கப்பட்ட உடல் தன் காயத்தையும் குற்றமாகவே வாசிக்கப் பழகிவிடுகிறது. அப்படிப் பழகியவள் தனக்கொரு பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பாளா? தடுப்பூசி போடச் சொல்லிக் கேட்பதே ஒரு வகையில் 'எனக்கும் குத்தக்கூடும்' என்று ஒப்புக்கொள்வதுதானே.

நம் மொழியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 'மஞ்சள் காமாலை' என்ற ஒரே சொல்லுக்குள் தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ்-ஏ, ஈ வகைகளும் ரத்தத்தால் பரவும் பி, சி வகைகளும் அடைந்து கிடக்கின்றன. காமாலை என்பது கண்ணில் தெரிகிற அறிகுறி. பி வகையோ பலரிடம் எந்த நிறமும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தங்குவது. பாடப்புத்தகத்தில் ஆங்கிலத்தில் நான்கு வகைகளைப் படித்தவள் விடுதிக்கு வந்ததும் தமிழில் ஒரே காமாலைக்குத் திரும்பிவிடுகிறாள். "காமாலைதானே, கொதிக்கவெச்ச தண்ணி குடிச்சா வராது. வந்தா கீழாநெல்லி இருக்கு."

கீழாநெல்லி வெறும் பாட்டி வைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. 1988இல் 'லான்செட்' இதழில் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரிடம் ஹெபடைட்டிஸ்-பியின் மேற்பரப்பு ஆண்டிஜன் மறைந்ததாக அதில் சொல்லப்பட்டது. ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர் அந்த ஆண்டிஜனைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க். பிற இடங்களில் செய்துபார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. முதல் செய்தி ஊரெங்கும் பரவிய அளவுக்கு இரண்டாவது செய்தி பரவவில்லை. (பிளம்பர்க் அதை முதலில் கண்டது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில். நம்மூர் லேப் ரிப்போர்ட்டுகளில் 'ஆஸ்திரேலியா ஆண்டிஜன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரத்தம் கொடுத்தவரின் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.)

கொரோனாவின்போது காட்சி தலைகீழானது. 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்கள் முதல் வரிசை; மாணவியரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். மஸ்டர் ரோலில் இடமில்லாதவளுக்கு இப்போது க்யூவில் முதலிடம். ஆரம்ப வாரங்களில் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களே தயங்கினார்கள். அதை அறியாமை என்று சொன்னவர்கள் சில விவரங்களை வசதியாக மறந்தார்கள். கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளிவருமுன்பே, 2021 ஜனவரி 3 அன்று, 'மருத்துவச் சோதனை நிலையில்' என்ற அடைமொழியோடு அனுமதி தரப்பட்டது. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. மார்ச்சில்தான் அந்த அடைமொழி நீங்கியது. படிவத்தைப் படித்துவிட்டுத் தயங்கியவள் படிக்காமல் கையெழுத்திட்டவளைவிட நல்ல நர்ஸ் என்பேன்.

இன்னொன்று. தொடக்கத்தில் கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் தடுப்பூசி வேண்டாம் என்றது அரசு. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு மே மாதமும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும் அனுமதி வந்தது. சோதனைகளில் அவர்கள் சேர்க்கப்படவில்லை, தரவு இல்லை என்பதே காரணம். ஆனால் 'தரவு இல்லை' என்பது விடுதி அறையில் 'கர்ப்பத்துக்கு ஆகாது' என்றும், அடுத்த அறையில் 'கர்ப்பமே ஆகாது' என்றும் மாறிவிடும். கல்யாணம் நிச்சயிக்கப்போகிற பெண்ணின் வீட்டில் இது சாதாரணப் பேச்சல்ல. தடுப்பூசிகளால் கருத்தரிப்பு பாதிக்கப்படுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் தெளிவாகவே காட்டின. அச்சம் பொய்யான முடிவுக்குப் போயிற்று. கிளம்பிய இடம் பொய்யல்ல.

இரண்டாம் அலையின்போது, 2021 மே 3 அன்று, பி.எஸ்ஸி., ஜி.என்.எம். முடித்த நர்சுகளை முழுநேரக் கொரோனாப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. நெருக்கடி வரும்போது கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணின் சம்மதம் யாருடையது என்ற கேள்வி இந்த நாட்டில் ஏற்கெனவே எழுந்த ஒன்று. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. கம்மத்தில் பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அப்போது நிகழ்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. மருந்து நல்லதாக இருந்தாலும் சம்மதம் திருட்டுச் சம்மதமாக இருக்க முடியும். நர்சிங் மாணவி பதினெட்டு வயது கடந்தவள், சட்டப்படி கையெழுத்து அவளுடையதே. ஆனால் 'போட்டுக்காதவங்க போஸ்டிங்குக்கு வர வேண்டாம்' என்ற வாசகத்துக்குப் பிறகு போடப்படும் கையெழுத்தை எந்தப் பெட்டியில் வைப்பது? ஆய்வேட்டில் அது நூறு சத 'ஏற்பு'.

இந்த இடத்தில் நம் வட்டத்துத் தோழர்களோடு ஒரு சண்டை இருக்கிறது. அலோபதியின் அதிகாரத்தையும் மருந்துக் கம்பெனிகளின் சூறையாடலையும் சிறுபத்திரிகைகள் தொடர்ந்து எழுதிவந்திருக்கின்றன. இல்லிச்சையும் ஃபூக்கோவையும் அதற்காகவே வாசித்தோம். நல்லது. ஆனால் அந்த விமர்சனத்தைச் சுருட்டி 'தடுப்பூசியே சதி' என்று ஆக்கியவர்களும் நம்மிடையே உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளுக்குச் சில முற்போக்கு விரல்களும் உதவின. அதிகாரத்தைக் கட்டுடைப்பது வேறு, வைரஸ் இல்லையென்பது வேறு. வார்டில் மலத்தட்டு எடுத்து, ரத்தம் துடைத்து நிற்கிற பெண்களில் கணிசமானோர் தலித், பிற்பட்ட சாதிக் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள். மறுப்பு என்பதை எழுத்தாளர் ஒரு நிலைப்பாடாக வைத்துக்கொள்ளலாம். அவருக்கு நீடில் பிரிக் ஆகப்போவதில்லை.

மாணவிக்கு இந்த ஊசி உறுதியாக வந்துசேரும் தருணம் ஒன்று உண்டு: வெளிநாடு கிளம்பும்போது. வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ்-பி பாசிட்டிவ் என்றால் 'தகுதியில்லை' என்று முத்திரை விழும். பிரிட்டனிலும் தடுப்பாற்றல் பற்றிய சான்று கேட்கிறார்கள். ஆக, மதுரை வார்டில் நான்கு வருஷம் ரத்தத்தோடு புழங்கியபோது யாரும் அவசரமாகக் கருதாத தோள், ஏற்றுமதிக்குத் தயாரானதும் பெறுமதி பெறுகிறது. "அப்போ போட்டுக்கலாம் சார், இப்போ என்ன" என்று பல மாணவியர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைச் 'சோம்பல் மனப்பாங்கு' என்று பதிவு செய்வது அநியாயம். தன் உடலை எந்தச் சந்தை எப்போது மதிக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கில் விடுபடுவது, குத்துவதற்கு வாய்ப்பு மிகுந்த காலம் கை பழகாத இந்தப் படிப்புக் காலம்தான் என்பது.

செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. வார்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் முதல் இரண்டு தவணைகள். மூன்றாவதைப் போஸ்டிங் அட்டவணையிலேயே எழுதுவது. முடிந்ததும் ரத்தப் பரிசோதனை. அதன் முடிவு கல்லூரி அலமாரியில் அல்லாமல் அவள் கையில் ஓர் அட்டையாக. குத்துப்பட்டால் டியூட்டரைத் தாண்டி நேரே தெரிவிக்க ஓர் இடம், அதற்கு மார்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லை என்ற எழுத்து உறுதி. வேண்டாமென்று சொல்பவளின் காரணத்தை உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். நர்சுகளின் சங்கங்கள் ஊதியம், பணி நிரந்தரம் பற்றிப் போராடுகின்றன. மாணவியரை அவை இன்னும் தம் ஆட்களாக எண்ணத் தொடங்கவில்லை.

நான் பாடம் எடுத்த கடைசி ஆண்டில், வினாநிரலோடு ஓர் ஆய்வு மாணவி வகுப்புக்கு வந்தார். நிரப்பித் தந்துவிட்டு, எங்கள் மூன்றாவது தவணை எப்போது என்று பிள்ளைகள் கூடிக் கேட்டார்கள். விசாரித்துச் சொல்வதாகப் போனவர் அடுத்த வாரம் வந்து சொன்னார்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டிருக்கிறார், அங்கே தடுப்பூசி நாள் புதன்கிழமை. புதன்கிழமை எங்கள் வகுப்புக்கு வார்டு டியூட்டி.